சிவப்புத் தரைக்கு ஒரு ஸ்டீம் மாப்

பெரியம்மா விஜயலட்சுமியின் வீட்டுக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவி, சாக்கில் துடைத்து, அதன் பிறகுதான் கூடத்தில் கால் வைக்க வேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரும் அப்படித்தான் வருவார். தியாகதுருகத்துக்குத் தெற்கே மரவள்ளியும் கரும்பும் போடுகிற ஊர் அது. மழைக்காலத்தில் ஒவ்வொரு காலோடும் வயலே கூட வந்துவிடும். அந்த ஊரில், முகம் தெரியும் அளவுக்கு ஒரு சிவப்புச் சிமெண்டுத் தரையை இருபத்தாறு வருடமாக அவர் காப்பாற்றி வந்தார். தினமும் குந்தி உட்கார்ந்து ஈரத்துணியால் துடைப்பார். மாதத்துக்கு ஒரு முறை தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய்ப்பார். அன்று மட்டும் பெரியப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்.

என் அம்மா கலையரசி, பெரியம்மாவின் ஓரகத்தி. திருமணமான இரண்டாவது வருடமே அம்மாவும் அப்பாவும் கள்ளக்குறிச்சிக்குக் குடிபோய் உரக்கடை வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எது நுழைந்தாலும் மூன்று மாதத்துக்குள் பெரியம்மா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். எங்கள் ஜன்னலில் நீலத் திரை தொங்கினால் அங்கே அதே நீலத்தில் ஒரு முழம் நீளமாகத் தொங்கும். எங்களுக்கு இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்தபோது பெரியம்மா ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. என் அம்மாவும் குறைந்தவர் இல்லை. எங்கள் வெள்ளை டைல்ஸைப் பார்த்துவிட்டு யாராவது, இருந்தாலும் உங்கள் அக்கா வீட்டுத் தரை மாதிரி வராது என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி சாம்பார் வாயில் வைக்க முடியாது.

போன சித்திரையில் அம்மாவுக்கு முட்டிவலி அதிகமானதால் அப்பா ஒரு ஸ்டீம் மாப் வாங்கிக் கொடுத்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் அரை நிமிடத்தில் சூடாகி, அடியில் மாட்டிய துணி வழியே ஆவி விடும். நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம். துடைத்த இடம் அப்போதே காய்ந்துவிடும். ஒரு வியாழக்கிழமை, டவுனில் ஒரு காதுகுத்துக்கு வந்த பெரியம்மா எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா ஏற்கெனவே துடைத்திருந்த கூடத்தை அவருக்காக இன்னொரு முறை துடைத்துக் காட்டினார். பெரியம்மா வலது காலை டைல்ஸின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஏதாவது ஒட்டும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். எதுவும் ஒட்டவில்லை. குனிந்து அம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

"கையே நனயல," என்றார். கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அக்கா ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சளும் போடுவது வழக்கம். வீட்டின் மேல் விழுந்த கண்ணேறு அதில் போய்விடும் என்பார்கள். அம்மா அதை வாளியில் கரைப்பதற்குப் பதிலாக மாப்பின் தொட்டியிலேயே கரைத்துவிட்டார். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது மெஷின் ஒரு மஞ்சள் குட்டையில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே உப்பு இறுகிவிட்டது, உதிரிபாகம் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார் ரிப்பேர் பார்ப்பவர். அது வரவே இல்லை. அம்மா மறுபடியும் முட்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். மாப்பில் மட்டும் வெளுத்த துணியை மாட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி கதவோரம் நிறுத்திவைத்தார். பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் எனக்கு அது சிரமமாக இல்லை.

ஆடி முடியும் சமயத்தில் பெரியம்மாவின் மகள் சந்தியா அக்காவுக்குத் திருக்கோவிலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா அய்யப்பனுக்கு அதை எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் ஆசை. வாசல் வரைக்கும் கார் வரும், ஏசி இருக்கிறது, மெஷின் வைத்துத் துடைத்து தரை பளிங்கு மாதிரி இருக்கிறது என்றெல்லாம் அவர் அடுக்கியபோது நானும் அங்கே இருந்தேன். பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"நான் பெத்த பொண்ண எவ வூட்டு சோபாவுலயோ ஒக்கார வெச்சிக் காட்டணுமா?"

"எவ வூடோன்றியே. தம்பி வூடும்மா அது."

"ஒங்களுக்குத் தம்பி வூடு. எனக்கு அது அவ வூடு. நாளைக்கிக் கல்யாணமாயிப் போனாலும் கலையரசி வூட்டுல பாத்த பொண்ணுன்னுதான் சொல்லிக்கினு இருப்பாங்க."

பெரியப்பா கடைசியில் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு பார்வையாக இருந்தால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தம்பிக்குப் போன் செய்துவிடுவேன் என்றார். பெரியம்மா கீரையை அப்படியே முறத்தில் விட்டுவிட்டு எழுந்து, என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கிளப்பினார். பெட்டியில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், நீ படித்துச் சொல்லு பாப்பா என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காரணம் சொன்னார்.

கடையில் பிரவீன்குமார் என்ற பையன் மூன்று மாப்புகளை எடுத்துவைத்தான். அதில் ஒன்று எங்கள் வீட்டில் இருப்பதேதான். பெரியம்மா அதைத் தொடவே இல்லை. மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தார், ஒரு கையால் தள்ளிப் பார்த்தார், ஒயரைத் தரையில் முழம் போட்டு அளந்தார். அவர் கூடத்தில் பிளக் பாயிண்ட் டிவிக்குப் பின்னால் ஒன்றுதான். அங்கிருந்து வாசற்படி வரைக்கும் எட்ட வேண்டும். துணியைத் துவைத்து மறுபடி மாட்டலாமா, எத்தனை துணி வரும், ஒரு தொட்டித் தண்ணீர் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால் பதிலைக் கேட்டுவிட்டு அவர் திரும்பியது என் பக்கம்தான்.

"ஒங்க வூட்டுதுல எத்தினி துணி பாப்பா?"

"ரெண்டு, பெரிம்மா."

"இதுல நாலு கீது," என்று அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

என்ன தரை என்று பிரவீன்குமார் கேட்டான். சிவப்புச் சிமெண்டு என்றதும் கொஞ்சம் யோசித்தான். முதலில் கட்டிலுக்கு அடியில் ஒரு ஓரத்தில் போட்டுப் பாருங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், எண்ணெய் போட்டு மெருகேற்றிய தரை என்றால் ஆவி அதை எடுத்துவிடும் என்றான். மெருகு போனால் திரும்ப ஏற்றிக்கொள்வேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். கதவோரம் சும்மா நிற்கிற ஒரு மெஷினைத் தோற்கடிக்கத்தான் அவர் இதை வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டியில் ஊற்றக்கூடாது என்ற வரியை இரண்டு முறை சொன்னேன். போர் தண்ணீர் அங்கே உப்பு, அதனால் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றும்படி சொன்னேன். கேன் தண்ணீரைத் தரைக்கு ஊற்றுவதா என்று பெரியப்பா முனகினார். முதல் நாளே துணி கறுத்துப்போய் வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இருபத்தாறு வருடம் கையால் துடைத்தும் இவ்வளவு அழுக்கு தங்கியிருக்கிறது என்றால் அது கலையரசிக்குத் தெரியக்கூடாது என்று அவர் நினைத்திருப்பார் போல. அந்தத் துணியைத் துவைத்துக் கொடியில் போடாமல் குளியலறைக்குள்ளேயே காயவைத்தார். மெருகு கொஞ்சம் மங்கியது உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு போய், தரை சுட்ட செங்கல் நிறத்தில் புதிதாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை அம்மாவும் நானும் போனோம். பெரியம்மா மெஷினைக் கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். அம்மா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார்.

"நல்லாகீதுக்கா," என்றார். "எங்குளுத விட நல்லாகீது."

இத்தனை வருடத்தில் என் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் முந்தானையை எடுத்து மெஷினின் கைப்பிடியில் போட்டு மூடினார்.

மறுநாள் மத்தியானம் பெரியம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. உங்கள் அம்மாவிடம் சொல்லாமல் வா என்றார். நான் போனபோது பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கூடம் முழுவதும் மாப்பின் அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நடுநடுவே மஞ்சள் தெறித்த புள்ளிகள். மெஷினில் விளக்கு மட்டும் எரிந்தது. கேன் தண்ணீரோடு ஒரு கை கல்லுப்பும் மஞ்சளும் போட்டதாக அவரே சொன்னார். நான் படித்துச் சொன்ன வரி நினைவில் இருந்ததாம். சோப்பு, பினாயில் மாதிரி எதையோ சொல்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமைத் தண்ணீரைப் பற்றி இங்கிலீஷ் புத்தகத்துக்கு என்ன தெரியும் என்று தோன்றியதாம்.

"நேத்து அவ சொன்னா பாத்தியா, நல்லாகீதுக்கான்னு. அதுலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அவ கண்ணு பொல்லாதது பாப்பா."

உள்ளே பெரியப்பா செல்போனைத் தேடிக்கொண்டிருந்தார். இனிமேல் முடியாது, தம்பியிடம் சொல்லிவிடலாம் என்றார். அறை வாசலில் சந்தியா அக்கா நின்றிருந்தார். பெரியம்மா எழுந்து பெரியப்பாவைத் தடுக்கவும் இல்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை அப்படித் தோற்றவராக நான் பார்த்ததே இல்லை.

"எங்க வூட்டு மிஷினும் ஓடல, பெரிம்மா," என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "எப்ப இருந்து?"

"நீங்க காதுகுத்துக்கு வந்தீங்களே. அதுக்கு மறுநாளு."

"உப்புப் போட்டாளா?"

"ஆமா."

"அப்ப இத்தினி நாளா எதுல தொடைக்கிறா?"

"துணிலதான். முட்டி போட்டு."

தன் கண் பட்டதாகத்தான் அம்மா உப்புப் போட்டார் என்பது பெரியம்மாவுக்கு விளங்கிவிட்டது. கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்.

"உப்புப் போட்டப்பறம் எவ்ளோ நேரம் ஓடிச்சாம்?"

"பத்து நிமிஷம் ஓடிச்சின்னாங்க."

"என்னுது அஞ்சு நிமிஷம்கூட ஓடல," என்றார். முகம் மறுபடியும் சுருங்கிவிட்டது. "அதுலயும் அவளுக்குத்தான் ஜாஸ்தி."

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், பெரியப்பாவின் கையிலிருந்த போனை வாங்கி ஷெல்ஃபில் வைத்தார். அவளும் குந்தித்தான் துடைக்கிறாள், நானும் குந்தித்தான் துடைக்கிறேன், இதில் அவள் வீடு என்ன ஒசத்தி என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டிலேயே என்று முடிவானது.

அன்று சாயங்காலம் வரை நாங்கள் இரண்டு பேரும் கேன் தண்ணீரில் துடைத்தோம். காயக் காய உப்பு மறுபடி மேலே வந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகுதான் அடங்கியது. சனிக்கிழமை பெரியம்மாவே அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் கேசரி நீதான் செய்ய வேண்டும், இன்றைக்கே வா என்றார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்று அம்மாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரும் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய், கேசரிக்கு முந்திரி உடைப்பதை விட்டுவிட்டு, ஒரு துணியை எடுத்துக்கொண்டு கூடத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். பெரியம்மா எதிர் மூலையில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரி என்று பெரியம்மா அம்மாவை எழுப்பவே இல்லை. நடுவில் இரண்டு துணிகளும் சந்தித்தபோது, யார் தேய்த்த பக்கம் அதிகம் மின்னுகிறது என்று இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வேனில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். நாற்காலி போதவில்லை. பெரியம்மா அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பா பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெரிய ஜமக்காளங்களை வாங்கிவந்து கூடத்தில் சுவருக்குச் சுவர் விரித்துவிட்டார். பெரியம்மா காபித் தட்டோடு வந்து பார்த்தபோது தரையில் ஒரு விரல் அகலம்கூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. சந்தியா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிறைய பேசினார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார். கேசரியை இரண்டாவது முறை வாங்கிக்கொண்டு, யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று என் அம்மா அடக்கமாகச் சொன்னார். பெரியம்மாவும் சிரித்தார். அப்படியே சுவரோரமாக நகர்ந்து, குனிந்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் இருந்த ஜமக்காளத்தின் விளிம்பை ஒரு முழத்துக்கு மடித்துவிட்டார். அடியில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

அம்மா காலி தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். கால் கட்டைவிரலால் ஜமக்காளத்தின் மடிப்பைப் பிரித்து, பழையபடி சுவர் வரைக்கும் தள்ளிவிட்டார்.

"யாருனா தடுக்கி வுழுந்துடப் போறாங்கக்கா," என்றார்.