மாட்டு வைத்தியத் தொகுதிகளுக்குப் பின்னால்

2020ஆம் ஆண்டின் கடைசி. முதல் ஊரடங்கு தளர்ந்து, திருப்பதியில் நான் ஆய்வு மாணவியாக இருந்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தைத் திறந்திருந்தார்கள். திறந்திருந்தார்கள் என்றால் கதவை மட்டும்தான். உள்ளே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சுவரில் ஒட்டிய காகிதத்தைப் படித்து முடிப்பதற்கே கால் மணி நேரம் ஆனது. அதில் 'கூடாது' என்ற சொல் வராத வரி ஒன்றுகூட இல்லை.

என் ஆய்வு, கார்வேட்டிநகரம் ஜமீன் காலத்து ஏரிகளைப் பற்றியது. எங்கள் ஊர் அந்தப் பக்கம்தான், ஆந்திராவுக்குள் தமிழ் பேசும் ஊர். ஆறு வருடம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த காலமும் முடியப் போகிறது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று என் நெறியாளர் போனில் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதற்கு வேண்டிய ஏரிப் பட்டியல்கள் ஒரே ஒரு பழைய தொகுதியில்தான் இருந்தன. அதை வெளியே எடுத்துப்போக முடியாது. தாள் உடைந்துபோகும் என்று ஜெராக்ஸும் கிடையாது, போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுதி எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒளித்து வைத்தவளே நான்தான்.

எங்கள் நூலகத்தில் இது பெரிய குற்றமாகவே யாருக்கும் தோன்றாது. ஒரே பிரதி உள்ள புத்தகத்தைக் காலையில் யார் முதலில் எடுக்கிறார்களோ, சாயங்காலம் வரை அவர்கள் அதன் மேலேயே படுத்துக் கிடப்பார்கள். அதனால் சாயங்காலம் கிளம்பும்போது புத்தகத்தை அதன் இடத்தில் வைக்காமல், ஆள் போகாத அலமாரியில் சொருகிவிட்டுப் போவோம். குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள் சமஸ்கிருத இலக்கணத்துக்குப் பின்னால் வைப்பார்கள். என் இடம், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த மாட்டு வைத்தியத் தொகுதிகள். தடிதடியாக இருபத்துநாலு இருக்கும். கீழ்த்தட்டு. குனிந்து பார்க்கவே யாருக்கும் மனசு வராது. மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம், அவற்றில் நடுவாக்கில் ஏதோ ஒன்றின் பின்னால் என் தொகுதியைத் தள்ளிவிட்டு, நாளைக்கு வரலாம் என்று ஹாஸ்டலுக்குப் போனேன். அந்த 'நாளை' வர ஒன்பது மாதம் ஆயிற்று.

திறந்த பிறகு புது ஏற்பாடு. புத்தக அலமாரிகள் இருக்கும் பக்கம் மாணவர்கள் போகக் கூடாது. கயிறு கட்டிவிட்டார்கள். ஆன்லைனில் படிவம் நிரப்பி, புத்தகத்தின் எண்ணைக் கொடுத்தால், ஊழியர் எடுத்துவந்து மேஜையில் வைப்பார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் வாரத்துக்கு இரண்டு முறைதான். படித்த புத்தகத்தைத் திரும்பக் கொடுத்தால் மூன்று நாள் அட்டைப்பெட்டியில் போட்டுத் தனிமைப்படுத்துவார்கள். புத்தகத்துக்குத் தும்மல் வருமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா சிரிக்கவில்லை.

ஹாஸ்டல் மூடியிருந்ததால் வீட்டிலிருந்துதான் போய்வர வேண்டும். காலை எட்டு மணிக்குப் படிவம் திறக்கும், எட்டேகாலுக்கு இடமெல்லாம் நிரம்பிவிடும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மோட்டார் கொட்டகை ஓரமாகப் போய் நின்றால்தான் ஓடிபி வரும். அதுவும் நேரம் முடிந்த பிறகு வரும். மூன்றாவது நாளும் நான் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த எங்கள் நைனா, "லைப்ரரிக்குப் போறதுக்கு இன்னாத்துக்குடி டோக்கனு? உள்ளே ஏழுமலையானா உக்காந்துகினு கீறாரு?" என்று கேட்டார். நான் போனை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்தேன்.

ஒருவழியாக இடம் கிடைத்து, புத்தூரில் பஸ் மாறி, திருப்பதியில் இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் நடந்துபோனால், வாசலில் வெப்பமானித் துப்பாக்கியால் நெற்றியைச் சுட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றார்கள். வெயிலில் வந்த சூடு என்றால் கேட்க ஆளில்லை. மரத்தடியில் உட்கார வைத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்த்து அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த இருபது நிமிடம் போனது போனதுதான்.

முதல் நாள் என் தொகுதியின் எண்ணையே கொடுத்திருந்தேன். ஒன்பது மாதம் சும்மா கிடந்த நூலகத்தில் யாராவது அலமாரிகளைச் சரிபார்த்து, அதை அதன் இடத்தில் வைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. ஊழியர் வெறுங்கையோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது இடத்தில் இல்லை என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை மாதம் என்ன செய்தீர்கள், சம்பளம் மட்டும் வந்ததா என்று சத்தம் போட்டேன். அதோடு விடவில்லை. வாசலில் இருந்த புகார்ப் பதிவேட்டில், அரிய நூல்களைத் தேடித் தரக்கூட ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்று முழுப் பக்கம் எழுதிவிட்டு வந்தேன். நான் ஒளித்து வைத்த புத்தகத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை என்று நான் புகார் எழுதினேன். எழுதும்போது அது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை.

நேராகச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நூல்களை மறைத்து வைப்போரின் உறுப்பினர் அட்டை ரத்து என்று அந்தச் சுவர்க் காகிதத்திலேயே இருந்தது. அட்டை போனால் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விடாவிட்டால் அத்தியாயம் இல்லை, ஆறு வருடமும் வீண். கயிற்றுக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் அந்த அலமாரி. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. மாட்டு வைத்தியத் தொகுதிகளையே கேட்டால் என்ன? அவர் முன்னால் இருப்பதை உருவும்போது பின்னால் இருப்பது கண்ணில் படாமலா போகும்? அடுத்த முறை ஐந்து, ஆறு, ஏழாம் தொகுதிகளைக் கேட்டேன். மூன்றையும் மார்போடு அணைத்துச் சுமந்துவந்து மேஜையில் வைத்தார். பின்னால் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் இரண்டு மணி நேரம் கோமாரி நோயைப் பற்றிப் படித்தேன். வேறு என்ன செய்ய? எழுந்து போனால் சந்தேகம் வரும். அடுத்த வாரம் எட்டு, ஒன்பது, பத்து. அதிலும் ஒன்றும் இல்லை. மாதம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அழுகையாக வந்தது. அவருக்குக் கண் இல்லையா என்று வழியெல்லாம் அவரைத்தான் திட்டினேன்.

நான்காவது முறை பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. கொண்டுவந்து வைத்தவர் போகவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி நின்றார். வாசலில் போனைக் கொடுப்பதற்கு முன் நான் வீட்டுக்குப் பேசிய பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், தமிழில் கேட்டார்.

"ஏம்மா, நீ சரித்திரம் படிக்கிற பொண்ணு. மாட்டு நோவு புக்கு உனக்கு இன்னாத்துக்கு?"

அவரும் எங்கள் பக்கம்தான், நகரிக்காரராம், வீட்டில் தமிழாம். ஏரிக்கும் மாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாய்க்கு வந்ததை உளறினேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு என் முதல் நாள் புகாரைப் பற்றிப் பேச்செடுத்தார். கோபமாகக்கூட இல்லை, சலித்துப்போன குரல்.

"ஸ்டாக் எண்ணும்போது அந்த ஏரி புக்கு காணோம்னு எனக்கு மெமோ குடுத்துகிறாங்கம்மா. லாக்டவுன்லே தெனம் வந்து ஒவ்வொரு ரேக்கா தேடிக்கினு இருந்தேன். பதினோரு வருசமா காண்ட்ராக்ட்லே கீறேன். பொங்கலுக்குள்ளே ரினியூவல். நீ வேற ஒரு பக்கம் எழுதி வச்சிட்டே."

ஒன்பது மாதத்தில் இந்தப் புத்தகத்தை என்னைத் தவிர இன்னொருவர் தேடியிருப்பார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அதுவும் ஒரு மாணவரோ போட்டியாளரோ இல்லை, வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு தேடிய மனிதர். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கடைசியில், பதினான்காம் தொகுதியிலிருந்து வரிசையாகப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். உள்ளே போனார். வரும்போது சட்டையெல்லாம் தூசி, கையில் என் தொகுதி. பதினாறாம் தொகுதிக்குப் பின்னால் இருந்ததாம். கத்தப் போகிறார் என்று எழுந்து நின்றேன். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், பதிவே போய்விடும் என்று கெஞ்சினேன்.

"மொதல்லே உக்காந்து எழுதும்மா. டைம் போய்க்கினே கீது," என்றார்.

நான் கெஞ்சியபடியே என் பெயரைச் சொல்லவில்லை. சுத்தம் செய்யும்போது கிடைத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு முடிந்திருந்தால் நல்ல மனிதர் ஒருவரைப் பற்றிய கதையாக இதை எழுதியிருப்பேன். ஆனால் மேலிடத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். உன் கூடத்திலேயே இருந்த புத்தகத்தை ஒன்பது மாதம் தேடினேன் என்றாயே, அப்படியென்றால் நீ தேடவே இல்லை, பொய் சொல்லியிருக்கிறாய் என்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் அடுத்த முறை போனபோது கவுண்டர் அம்மாதான் இதைச் சொன்னார். மாணவி ஒருத்தி புகார்கூட எழுதியிருந்தாளாம், அதையும் சேர்த்துக்கொண்டார்களாம். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்கு இன்னும் நான்கு பக்கம் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். எழுதி முடித்து, வீட்டுக்கு வந்து, அத்தியாயத்தை முடித்து, பைண்டிங் போட்டு, சமர்ப்பித்தேன். அதற்குப் பிறகுதான், ஒளித்து வைத்தது நான், புகார் எழுதியதும் நான் என்று நூலகருக்குக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். இடையில் பத்து நாள்.

நூலகர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தெலுங்கில். ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்றா? ஆயிற்று சார் என்றேன். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார். என் உறுப்பினர் அட்டையை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். எனக்கு அது இனித் தேவையே இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஊழியரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காண்ட்ராக்டும் புதுப்பிக்கப்பட்டது. பாக்கி இல்லை என்று நூலகத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, செய்தித்தாள் பிரிவில் பழைய பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் இருந்த நாளெல்லாம் பெண்ணின் ஆன்லைன் வகுப்புக்குத் தன் போன் கிடைத்தது, அவள் ஒரு பாடம்கூட விடவில்லை என்று சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு பட்டம் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டு, பேப்பரை அடுக்கப் போய்விட்டார்.

அந்த வருடத்தைப் பற்றி இப்போது நண்பர்கள் பேசினால் நானும் சேர்ந்து எல்லாவற்றையும் திட்டுகிறேன். கயிற்றை, படிவத்தை, ஓடிபியை, அட்டைப்பெட்டியில் கிடந்த புத்தகங்களை. ஆனால் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க, நான் அமைதியாக அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளுக்கு மட்டும் இன்றுவரை என்னால் கொரோனாவின் மேல் பழி போட முடியவில்லை.