கரண்ட் வந்ததும் இறங்கிய படகு

நான் ஆழ்வார்குறிச்சியில் மோட்டார் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். போன வருஷம் புன்னக்காயலில் படகு பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். படகைத் தூக்கி இறக்கும் மோட்டாருக்கு, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ரிமோட்டை மாட்ட வேண்டுமாம்.

"பழைய ஸ்டார்ட்டர் பெட்டி இனி எதுக்குவே? கழத்திப் போடும்" என்றார்.

கரண்ட் போய் வந்தால், நாம் பொத்தானை அமுக்கும்வரை மோட்டாரை ஓடவிடாதது அந்தப் பெட்டிதான். அது தெரிந்தும் கழற்றினேன். அவருடைய அவசரத்துக்கு என் புத்தி எங்கே போனது?

ரிமோட்டை அமுக்கிப் படகைத் தூக்கினோம். இறக்கும்போது பாதியில் கரண்ட் போய், படகு அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சி ரிமோட்டோடு டீக்கடைக்குப் போய்விட்டார், நாலு பேருக்குக் காட்ட! சும்மா இருப்பானேன் என்று தச்சர் சவேரி அடியில் படுத்துப் பாசி சுரண்டினார். திடீரென்று கரண்ட் வந்தது. யாரும் தொடாமலே படகு இறங்கியது.

"ஏலே, நிப்பாட்டுலே!" என்று சவேரி அலறினார். ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். படகுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அன்றைக்கே ரிமோட்டைக் கழற்றிப் பழைய பெட்டியை மாட்டினேன். இப்போது எங்கே வேலை முடித்தாலும், மோட்டார் ஓடும்போதே மெயினை அணைத்து, மறுபடி போட்டு, அது தானாக ஓடுகிறதா என்று பார்க்காமல் கிளம்புவதில்லை.

ரிமோட் போன கோபத்தில் அண்ணாச்சி இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவரா அடியில் படுத்திருந்தார்?