கொக்கிளாய்க் களப்பில் ஒரு லாந்தர்

பொழுது பட்டிட்டுது. கொக்கிளாய்க் களப்பின் நடுவிலே எங்கள் தோணி போகிறது. அக்கரையிலே மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது. விடியுமட்டும் காத்திருக்க எனக்கு மனமில்லை. தோணிக்காரர் காசிம் லாந்தரைக் கொளுத்தி, ஒரு பழைய தகரத்தாலே மறைத்து, என் காலடியில் வைத்திருக்கிறார்.

"எண்ணெயை மிச்சம் பிடிக்கிறீரோ? முன்னுக்குத் தூக்கி வையும்" என்கிறேன்.

"முன்னுக்கு வைச்சா என்ர கண் கூசும் ஆச்சி, பிறகு தண்ணி தெரியாது. துடுப்புத் தோணிக்கு ஒரு வெள்ளை வெளிச்சம் ஆயத்தமா இருந்தாப் போதும். ஆரும் வரேக்க நேரத்தோட காட்டிப்போட வேணும். அதுதான் சட்டம்."

கடல் வாய்ப் பக்கம் இஞ்சின் சத்தம் கேட்கிறது. இருட்டிலே ஒரு சிவப்புப் பொட்டும் ஒரு பச்சைப் பொட்டும் தெரிகின்றன. பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது.

"வள்ளத்துக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா எங்களுக்கு நேர வாறான்" என்கிறார் காசிம், குரலை உயர்த்தாமல். "எனக்குத் துடுப்பை விட ஏலாது. விளக்கைத் தூக்குங்கோ ஆச்சி."

தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறேன். இஞ்சின் வள்ளம் மெல்லத் திரும்புகிறது. பச்சை மறைந்து, சிவப்பு மட்டும் எங்களைக் கடந்து போகிறது.

"விலத்திட்டான்."

நிறத்தை வைத்தே வள்ளத்தின் முகம் எந்தப் பக்கம் என்று சொல்லுகிற மனிசன். இப்படி ஒரு நிதானத்தை நான் எங்கள் ஊரிலே கண்டதில்லை.

"இனி இறக்கி வையுங்கோ, கை உளையப்போகுது."

இறக்கித் தகரத்தாலே மறைக்கிறேன். பிடியை மட்டும் விடவில்லை.

"நீர் துடுப்பைப் பாரும்" என்கிறேன். "விளக்கு என்ர வேலை."