அம்மனின் அதிகார எல்லை

தமிழ்நாடு எங்கே முடிகிறது என்பதை எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் என் தாய்மாமன். ஓசூரைக் கடந்து பெங்களூருச் சாலையில் சற்றுத் தொலைவு போனால் ஒரு சோதனைச் சாவடி வரும். அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். பேருந்துகளின் நிறம் மாறும். மாமாவின் கூற்றுப்படி, நம் அம்மனின் அதிகாரமும் அந்தச் சாவடியோடு முடிந்துவிடும். இந்தக் கடைசிச் செய்தியை நான் ஐயமின்றி நம்பினேன். நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு, மாநில அரசின் எல்லையைவிட அம்மனின் எல்லை எளிதில் விளங்கும்.

அப்போது நான் மாமா வீட்டில் இருந்தேன். அம்மா இரண்டு தெரு தள்ளி, முன்பு நாங்கள் சேர்ந்து வாழ்ந்த லைன் வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா லாரியோடு வடக்கே போனவர். ஒரு நடையில் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா ரோஜாத் தோட்டமொன்றில் வேலை பார்த்தாள். நெகிழிக் கூரை போட்ட கூடாரங்களுக்குள் பகலெல்லாம் பூ வெட்டிவிட்டு, முள் கீறிய கைகளோடு வீடு திரும்புவாள். உடம்பு வலிக்கு என்று சொல்லி ஒரு பாக்கெட் குடிப்பாள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மலிவான மது, பழச்சாறு அடைப்பது போன்ற சிறு அட்டைப் பெட்டியில் வரும். எங்கள் தெருவில் அதற்குப் பாக்கெட் என்றே பெயர். நாளடைவில் ஒன்று இரண்டாயிற்று. வலி இல்லாத நாள்களிலும் அது தேவைப்பட்டது.

ஒரு மாலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா தூங்கிப்போனாள். பாத்திரம் கருகி வீடெங்கும் புகை சூழ்ந்தது. பக்கத்து வீட்டார் கதவை உடைத்து எங்களை வெளியே இழுத்தார்கள். அவர்களில் யாரோ தொலைபேசியில் தகவல் சொன்னதன் பேரில், கிருஷ்ணகிரியில் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் என்னை அழைத்துப் போனார்கள். அம்மா சிகிச்சை பெற்றுத் தேறும்வரை நான் மாமாவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. எனக்கு அதில் புரிந்தது ஒன்றே: தூங்கியது அம்மா, வீட்டைவிட்டு அனுப்பப்பட்டது நான்.

குழுவின் சார்பில் எங்களைப் பார்க்க ஓர் அக்கா வருவார். அவரை எந்த முறையில் வைப்பது என்பதே எனக்குப் பெருங்குழப்பம். நான் அவரை அக்கா என்றேன். அவர் என் அம்மாவை அக்கா என்றார். அம்மாவோ அவரை மேடம் என்றாள். என்னை அம்மாவிடமிருந்து பிரித்தவர் அவர்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அப்படிப்பட்டவர் அம்மாவைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போவார். மாத்திரை வாங்கும் வரிசையில் அவளோடு நிற்பார். குடியை விட முயல்கிறவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் கூட்டத்துக்கு அழைத்துப் போவார். திரும்பும் வழியில் பன்னும் தேநீரும் வாங்கித் தருவார். பிள்ளையைப் பறித்தவர் தாய்க்குப் பன் வாங்கித் தருவானேன்? தண்டனையா உபசாரமா என்று விளங்காமல், இருவரும் கூடி எனக்கு எதிராக ஏதோ திட்டமிடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

மாமாவுக்கு மருத்துவமனையில் நம்பிக்கை இல்லை. “மாத்திர குடுத்துக் குடிய நிறுத்தறதா? அதெல்லாம் அவுங்க பொழப்புக்கு. போயி ஒரு கயிறு கட்டினா தீந்துச்சு” என்றார்.

சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊரில் அம்மன் கோயில் உண்டு. குடியை விட நினைப்பவர்கள் அங்கே சத்தியம் செய்து, பூசாரியின் கையால் மஞ்சள் தடவிய கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். எவ்வளவு காலத்துக்கு என்பதைக் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். அம்மா, “எப்பவுமே” என்றாள்.

“எப்பவுமேன்னு யாருக்கும் கட்டறதில்லம்மா. ஆடி வரைக்கும் கட்டிக்க. அப்புறமா வந்து புதுசு கட்டிக்கலாம்” என்றார் பூசாரி. மனித மனத்தை அவர் அம்மனைவிட நன்றாக அறிந்திருந்தார் போலும்.

தங்கைக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாமாவும் கையை நீட்டினார். அந்தத் தியாகத்தைத் திரும்பும் வழியெல்லாம் அவரே பாராட்டிக்கொண்டு வந்தார். அடுத்த முறை வந்த அக்கா, அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார், கேலி செய்யவில்லை. “இருக்கட்டும்க்கா, நல்லதுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் வந்துருங்க” என்று மட்டும் சொன்னார்.

மாமா ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிவரும் வேனை ஓட்டினார். மாலையில் தொழிலாளர்களை அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை அங்கேயே முதலாளியின் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் திரும்புவார். கயிறு கட்டிச் சில நாள்கூட ஆகவில்லை. ஒரு மாலை அவர் செருப்பைக் கழற்றும்போதே அத்தை மோப்பம் பிடித்துவிட்டாள்.

“கையில கயித்த கட்டிகினு குடிச்சிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“அடியே, எங்க குடிச்சேன்னு கேளு மொதல்ல. அத்திப்பள்ளியில குடிச்சேன். நம்ம அம்மன் எல்ல செக்போஸ்டோட முடிஞ்சிடுது. அந்தப் பக்கம் வேற சாமி.”

“அந்தச் சாமிக்குக் கண்ணு இல்லியா?”

“கண்ணு இருந்தா? அதுக்குக் கன்னடந்தான் தெரியும். நான் தமிழ்ல இல்ல சத்தியம் பண்ணேன்!”

அத்தை சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசத் தொடங்கினாள். நான் அந்த வாதத்தின் நேர்த்தியில் மயங்கி நின்றேன். ஊரெல்லையில் கல் நட்டு, அந்த எல்லைக்குள் காவல் காக்கும்படி அம்மனை வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். திருவிழாவில் அந்தக் கல்வரை போய்ப் பூசை செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆகவே மாமா சொன்னதில் பிழை காண எனக்கு வழியில்லை. அரசு என்னை நம்பி ஒப்படைத்திருந்த பாதுகாவலர் அவரே என்பதும் அப்போது உறுத்தவில்லை. மாமா குடித்தால் அதற்கு அலுப்பு என்று பெயர். அம்மா குடித்ததற்கு மட்டுமே தெருவில் குடி என்று பெயர்.

பங்குனியில், ஆண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பு, குழு மீண்டும் கூடவிருந்தது. நான் அம்மாவிடம் திரும்பலாமா என்பதை அன்று முடிவுசெய்வார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முதன்முறையாக என்னைத் தனியே வெளியே அழைத்துப் போக அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. தோட்டத்தில் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அத்திப்பள்ளியில் வளைகாப்பு. அம்மா இருந்தவற்றுள் நல்ல புடைவையை உடுத்தி, எனக்கு இரட்டைச் சடை பின்னி அழைத்துப் போனாள். பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, “பாப்பாவ திருப்பிக் குடுத்துட்டாங்களா, இல்ல இன்னிக்கி ஒருநாளுக்குத்தானா?” என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் இலையில் இருந்த இனிப்பை என் இலைக்கு மாற்றிவிட்டு, பாதியில் எழுந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு கடையோரம் என்னை உட்காரவைத்து மாம்பழச் சாறு வாங்கித் தந்தாள். “ஸ்ட்ரா பேக்கா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, நான் தலையசைக்கும் முன்பே கடைக்காரர் உறிஞ்சுகுழலைச் செருகிக் கொடுத்தார். “இங்கியே இரு கண்ணு” என்று சொல்லி அம்மா அடுத்த கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையிலும் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. என்னுடையதில் மாம்பழம் வரைந்திருந்தது; அவளுடையதில் பழம் எதுவும் இல்லை. முந்தானையால் மறைத்துக்கொண்டு அதைக் குடித்து முடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

“ஏம்மா அழுவற? இது கர்நாடகாதானே. இங்க குடிச்சா கணக்கு இல்ல” என்றேன்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “யாரு சொன்னா?”

“மாமா.”

தாயைத் தேற்றிவிட்ட பெருமிதத்தோடு நான் சாற்றை உறிஞ்சினேன். அவள் முகமோ, நான் ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்ததுபோல் வெளிறிப் போயிருந்தது. பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

“மேடம், நான் குடிச்சிட்டேன். அத்திப்பள்ளி பஸ் ஸ்டாப்புல இருக்கறேன். பாப்பா எங்கூடத்தான் இருக்குது. எனக்கு பயமா இருக்குது மேடம், வந்து கூட்டிகினு போயிடுங்க.”

நான் திகைத்துப்போனேன். யாரும் பார்க்கவில்லை. அம்மனே பார்க்கவில்லை. பின் எதற்காக இவளாகவே சொல்ல வேண்டும்?

அக்கா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். திட்டப்போகிறார் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். “எனக்குப் போன் பண்ணீங்க பாருங்க, அது பெரிய விஷயம்க்கா. நடந்தத குழுவுல சொல்லித்தான் ஆகணும். ஆனா நான் பக்கத்துல இருப்பேன்” என்றார். குடித்ததற்குத் திட்டு இல்லை, சொன்னதற்குப் பாராட்டு! வீட்டுப்பாடம் எழுதாத நாளில் ஆசிரியையிடம் இம்முறையைக் கையாண்டு பார்க்கலாமா என்றுகூட எண்ணினேன். ஸ்கூட்டரைக் கடையோரம் பூட்டிவிட்டு, அக்கா எங்களோடு பேருந்தில் ஏறி ஓசூர்வரை வந்தார்.

செய்தி கேட்டு மாமா பதறினார். “குழுவுல கேட்டா, அம்மா குடிக்கலன்னு சொல்லிடு. அப்பத்தான் உன்ன வீட்டுக்கு அனுப்புவாங்க.”

“அக்கா சொல்லிடுவாங்களே, மாமா.”

“அவுங்க சொன்னா சொல்லிகினு போறாங்க. புள்ள வாயில வர்றதத்தான் அங்க நம்புவாங்க.”

“பச்சப் புள்ளைக்குப் பொய்யா கத்துக் குடுக்கிற? நல்லா கீதுய்யா உன் வளர்ப்பு!” என்றாள் அத்தை.

பொய் சொல்ல எனக்கும் அச்சமாக இருந்தது; கிருஷ்ணகிரி நம் அம்மனின் எல்லைக்குள் அல்லவா இருக்கிறது! உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்காது. இரண்டு மூன்று நாள் யோசித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வாக்கியத்தைக் கட்டிவைத்துக்கொண்டேன்.

குழுவின் நீண்ட மேசைக்குப் பின்னால் நடுநாயகமாக இருந்த அம்மையார் எனக்கு மிட்டாய் தந்தார். “அம்மாவோட வெளிய போனியாமே? எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அம்மா தமிழ்நாட்டுல குடிக்கவே இல்லீங்க” என்றேன்.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். “அப்ப எங்கம்மா குடிச்சாங்க?” என்றார் அம்மையார்.

துணைக்கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “அத்திப்பள்ளியில. அங்க கணக்கு இல்லீங்க. மாமாகூட அங்கதான் குடிப்பாரு.”

மாமா அண்ணாந்து, மின்விசிறியை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் ஆராயத் தொடங்கினார். அம்மா எழுந்து நின்றாள். அக்காவும் சொன்னபடியே அவள் பக்கத்தில் எழுந்து நின்றார்.

“பாப்பாவ கேக்க வேணாம் மேடம், நானே சொல்றேன். போன ஞாயித்துக்கிழம குடிச்சேன். அங்கன்னாலும் இங்கன்னாலும் குடிச்சதுதான். பாப்பாவ பக்கத்துல வெச்சிகினு குடிச்சேன்.”

அவர்கள் நெடுநேரம் தமக்குள் பேசிக்கொண்டார்கள். அம்மாவிடமும் அக்காவிடமும் ஏதேதோ கேட்டார்கள். பிறகு சொன்ன முடிவு என் குழப்பத்தை முழுமையாக்கியது. நான் இன்னும் சில மாதங்கள் மாமா வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆனால் பொறுப்பு மாமாவிடமிருந்து அத்தைக்கு மாறியது. மாமாவும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக வேண்டும். அம்மாவோ இனி நாள்தோறும் வந்து எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பலாம். மாலையில் அத்தை வீட்டில் இருக்கும்போது என்னோடு இருக்கலாம். குடித்ததைச் சொன்னவளுக்குச் சலுகை, சொல்லாதவருக்குக் கூட்டம், இருவரையும் காப்பாற்றப் பாடுபட்ட எனக்கு ஒன்றுமில்லை.

“ஒரே வார்த்தையில என்னையும் சேத்து மாட்டிவிட்டியே பாப்பா” என்று பேருந்து நிலையம் வரும்வரை மாமா புலம்பினார்.

“நல்லா மாட்டிவிட்ட கண்ணு. உனக்கு இன்னிக்கி முட்ட தோச” என்றாள் அத்தை.

நிலைய வாசலில் அம்மா, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றுகள் வாங்கினாள். அவற்றை அவள் தின்ற விதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை கிடைக்காமல் திரும்புகிறவள், பெருஞ்சுமையொன்றை இறக்கிவைத்தவள்போல் இவ்வளவு சுவைத்துத் தின்பாளா?

“நான்தான் சரியா சொன்னேனே. நீ எதுக்கு எழுந்த? சும்மா இருந்திருந்தா இன்னிக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

அம்மா விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்துவிட்டு, என் சடையை முன்னால் எடுத்துப் போட்டாள். “நீ எனக்கு வக்கீலா நிக்க வேணாம் கண்ணு. இனிமே யாரு கேட்டாலும், எங்கம்மாவையே கேளுங்கன்னு சொல்லிடு. போயி வெளாடு.”

கனிவாகத்தான் சொன்னாள். ஆயினும் என் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. நாங்கள் சேர்ந்திருந்த காலத்தில், அம்மா வேலைக்குப் போகாத நாள்களில் தோட்டத்து மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்றால், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்பவள் நான். வாடை போக ஜன்னலைத் திறந்துவைப்பவள் நான். காலிப் பாக்கெட்டுகளைப் புத்தகப் பையில் மறைத்துக் கொண்டுபோய்ப் பள்ளி போகும் வழியில் எறிபவளும் நானே. யாரும் கற்றுத்தராமலே நான் திறம்படப் பார்த்துவந்த உத்தியோகம் அது. அதிலிருந்து என்னை ஒரே வார்த்தையில், அதுவும் சிரித்தபடியே, நீக்கிவிட்டாள். நான் செய்த பிழை என்னவென்று எனக்கு விளங்கவே இல்லை. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார மறுத்து அத்தையோடு ஒட்டிக்கொண்டேன். பின்னிருக்கையிலிருந்து அம்மா நீட்டிக்கொண்டே வந்த மாங்காய்க் கீற்றை, வாயெல்லாம் நீர் ஊறியும், சூளகிரி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.