மொட்டைமாடி அரசாணிப் பூ

காலை ஆறு பத்து. மாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, அடுத்த அறை அக்காவின் முந்தானையில் கிடந்த மஞ்சள் பூக்கள். எங்கள் கொடியின் பூக்கள். அம்மா தண்ணீர்க் குடத்தை அங்கேயே இறக்கி வைத்தார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு மூன்று மாடி வாடகைக் கட்டடத்தில் அப்போது குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அடுத்த அறைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு தம்பதி புதிதாகக் குடிவந்திருந்தார்கள். இருவரும் டெய்லர்கள்.

அரசாணி, அதாவது வெளியூர்க்காரர்கள் பரங்கி என்று சொல்வது, அம்மாவின் பிடிவாதத்தால் மாடி ஏறியது. பழைய சாக்குப் பையின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு தேங்காய் நாரும் சாணமும் கலந்து, அரிசி கழுவிய நீரை ஊற்றி வளர்த்தார். கொடியைப் பனியன் துணிக் கிழிசலால் கட்டினார். அது இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. மழைக்கு முன் மண்ணையெல்லாம் கீழே இறக்கிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் நாலு காயாவது பறிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பிஞ்சுகளோ சுண்டைக்காய் அளவிலேயே உதிர்ந்தன. "பேசாம இலையப் பொரியல் பண்ணிப்போடு" என்றார் அப்பா. கொஞ்ச நாளாகத்தான் ஒன்றிரண்டு நின்று பெருக்கத் தொடங்கியிருந்தன.

"ஏம்புள்ள, பூவெல்லாம் நீ பறிச்சுட்டா காயி எங்கிருந்து வரும்?" என்று கேட்டார் அம்மா.

"இது காய் பூ இல்லீங்கக்கா. சும்மா பூ. மாவுல போட்டுப் பொரிச்சா நல்லாருக்கும்."

"பொரிச்சு வேற திங்கறயா?"

அந்த அக்கா ஒரு பூவின் இதழ்களை உரித்தார். மிஞ்சிய நடுத்தண்டை, கொடியில் இருந்த இன்னொரு பூவுக்குள் மெதுவாகத் தடவினார். "தெனமும் இப்பிடிப் பண்றேங்க" என்றார். அம்மா அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டார்.

"வெளையாடறதுக்கு ஏங் கொடிதான் கெடச்சுதா?"

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொல்லி மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அதன்பின் பூ கொட்டிக் கிடந்தது. மாடி முழுக்க மஞ்சள். திருட்டை நிறுத்தியதன் பலன் என்று நினைத்தேன்.

அடியில் பிஞ்சோடு மலர்வது பெண் பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ என்பதும், தேனீ வராத மாடியில் பூ வாடுவதற்குள் மகரந்தத்தைக் கையால்தான் சேர்க்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. குண்டடத்துத் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு அந்த வேலையைத் தேனீக்கள் சொல்லாமலே செய்து கொடுத்திருந்தன.

மண்ணை இறக்கும் முன் காய்களைப் பறித்தோம். பேச்சு நின்றிருந்தும், பெரியதில் பாதியை என்னிடம் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பினார் அம்மா.

"திருடுனாலும் பக்கத்தூட்டுக்காரி" என்றார்.

கிடைத்தவை இரண்டு காய்கள். இரண்டும் பூட்டுப் போடுவதற்கு முன் பிடித்தவை.