ஒருமுறை தட்டினால் ஆம், இருமுறை தட்டினால் இல்லை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இருந்திருந்தால் இந்த முதல் வரியிலேயே இரண்டு குறை கண்டிருப்பார். தம்பி நான் சொன்ன எதற்கும் அவர் சரி என்றதில்லை.

பொள்ளாச்சியில் பிறந்த அக்கா, மாமாவைக் கைப்பிடித்துப் புனேவுக்குப் போய், விஷ்ராந்த்வாடியில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியும் மராத்தியும் அரைகுறைதான். மீதியைச் சத்தத்தால் நிரப்பினார். ஆட்டோக்காரர் மீட்டர் போட மறுத்தால் மூன்றாம் மாடியிலிருந்தே வழக்கைத் தீர்ப்பார். மாமாவுக்கு வேலை போன இரண்டு ஆண்டுகளும் கணக்கு டியூஷன் எடுத்துக் குடும்பத்தைத் தாங்கியது அந்தக் குரல்தான்.

அது ஒருநாள் கம்மிப்போனது. காலையில் போன் வரும். "மாமா, அக்காகிட்டக் குடுங்க" என்பேன். "நாந்தான்டா பேசறேன்!" என்று கரகரக்கும். அதிமதுரமும் மிளகுப்பாலும் எதிர்வீட்டு அம்மாள் தந்த மஞ்சள் கஷாயமும் உள்ளே போயின; குரல் வெளியே வரவில்லை. "பேசிப் பேசித் தேஞ்சிருக்கும்" என்றேன். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மாதங்கள் போயும் சரியாகவில்லை. புனேவுக்குப் போய், அங்கே கேம்ப் பகுதியில் ஒரு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். புற்றாக இருக்குமோ என்ற பயத்தை மாமாவும் நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. மருத்துவர் மூக்கு வழியே கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்களிலும் குறுக்கே வெளுத்த பட்டை, மூங்கில் கணு மாதிரி. புற்று போலத் தெரியவில்லை, அபூர்வமாக வருவது என்றவர், தொண்டையை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். காலையில் விரல் மடங்குகிறதா என்று இந்தியில் கேட்டார்.

"தொண்டைக்கு வந்தா வெரலைப் பாக்கறாரு. வெரலுக்குப் போனா எதைப் பாப்பாரோ!" என்று அக்கா என் காதில் முணுமுணுத்தார்.

மாமா எழுந்தே விட்டார். "ஆறு மாசமா என்னையத் தேங்கா துருவ வெக்கறா டாக்டர்! ஆம்பளைங்களும் கத்துக்கோணும்னு சொன்னா!" என்று பொள்ளாச்சித் தமிழில் முறையிட்டார். மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. பாவி மனுஷி, வலியை மறைத்திருக்கிறார்.

ரத்தப் பரிசோதனை மூட்டுவாதம் என்றது. மூட்டைத் தாக்கும் அதே கோளாறு சிலருக்குக் குரல்நாணிலும் கணு கட்டுமாம். மூட்டுக்கு மாத்திரை, குரல்நாணில் ஊசி, பிறகு ஒரு வாரம் மௌனம். மேசையை ஒருமுறை தட்டினால் ஆம், இருமுறை தட்டினால் இல்லை என்று ஏற்பாடு.

"அக்கா, நான் வெச்ச ரசம் நல்லாருக்குதா?" டக் டக். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டா?" டக் டக். ஊர் திரும்பிய பிறகு போனில், "மறுபடி வரட்டா?" டக் டக்.

குரல் பயிற்சியெல்லாம் முடிந்து ஒருநாள் போன் மணி அடித்தது. "தேஞ்சிருக்கும்னு சொன்னயே, இப்பச் சொல்றா பாக்கலாம்!" பழைய குரல். வசவு வாங்கி அழுதவர்கள் நிறையப் பேர் உண்டு. சந்தோஷத்தில் அழுதவன் நான்தான்.

எட்டு ஆண்டுகள் அக்குரல் கேட்டது. சென்ற ஆண்டு இதயம் தளர்ந்து படுத்தார், பேச மூச்சில்லை. மாமா போனைக் கட்டில் கம்பியருகே பிடித்தார். "அக்கா, நான் வரட்டா?" என்றேன்.

டக்.

இரண்டாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. அன்றே விமானம் ஏறினேன். மூன்று நாள் உடனிருக்கக் கொடுத்துவைத்தது.

விரலைப் பிடித்துத் தொண்டையின் நோயைக் கண்ட மருத்துவருக்கும், கஷாயம் தந்து கடைசிவரை துணைநின்ற எதிர்வீட்டு அம்மாளுக்கும், இன்றும் தேங்காய் துருவும் மாமாவுக்கும் எங்கள் நன்றி. இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மாமாவுக்குப் படித்துக்காட்டி, "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அக்கா சார்பில் மேசையை இருமுறை தட்டினார்.