தண்ணி போட்ட தம்பி

என் தம்பிக்கு ஹெலிகாப்டர் வேலை. பறப்பதெல்லாம் கிடையாது, கீழே நின்று ஸ்குரு முடுக்குவதுதான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தான். அம்மாவும் ராயபுரம் முழுக்க அதையே சொல்லிவைத்திருந்தாள். மகன் தரையில் நிற்கிறான் என்று பெருமைப்பட்ட ஒரே தாய் எங்கள் தெருவில் அவள்தான்.

அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். கிரேன் அவரை ஒன்றும் செய்யவில்லை, குடிதான் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த கையோடு அம்மா தம்பியைக் கோயிலுக்கு இழுத்துப்போய், மாதா முன்னால் நிறுத்தி, ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அதை மட்டும் அவன் மீறினால் அம்மா தாங்கமாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் போன் செய்தான். அம்மா சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். மலைப் பக்கம் டூட்டி என்றான். தொண்டை கட்டிப்போய், பேச்சு இழுத்து இழுத்து வந்தது. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள்.

"எங்க சாப்டறது? காலைலேர்ந்து தண்ணி போட்டுகினே கீறோம்."

அதோடு லைன் கட்டாகிவிட்டது.

அம்மா மீனை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடித்ததுமில்லாமல் பெற்றவளிடமே சொல்கிற தைரியமா? திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பாவி வரட்டும் என்று மீனை நானே வறுத்தேன். யாரும் தொடவில்லை.

சாயங்காலம் டிவி செய்தியில் மலை எரிந்துகொண்டிருந்தது. ஒரு ஹெலிகாப்டர், அடியில் கயிற்றில் தொங்கும் பெரிய பக்கெட். அணையில் முக்கி எடுத்துவந்து தீயின் மேல் கவிழ்த்தது. புகைக்குள் காணாமல் போய் மறுபடி வெளியே வந்தது. திறந்த கதவில் ஒருவன் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இப்படித்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றாள் செய்தி வாசித்தவள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, அந்தத் தண்ணி இல்லம்மா. இந்தத் தண்ணி."

அம்மா சிரிக்கவில்லை. டிவிக்குக் கிட்டே போய் நின்றாள். கதவில் படுத்திருந்தவன் முகம் தெரியவில்லை. ஸ்குரு முடுக்குகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று மட்டும் கேட்டாள். என் சிரிப்பு நின்றுபோனது. இதற்கு அவன் குடித்திருந்தாலே தேவலை என்று அவள் முணுமுணுத்தாள். அப்பாவைக் குடிக்குக் கொடுத்தவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனே கூப்பிட்டான். டிவியில் பார்த்ததைச் சொன்னதும், அந்தக் கதவில் படுத்திருந்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். பொய் சொன்னதற்கு இன்றைக்கு நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அம்மா தீ அணைந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை, காலையில் மறுபடி கிளம்ப வேண்டும் என்றான்.

"போ நைனா. நல்லா தண்ணி போடு," என்றாள் அம்மா. "எறங்கினதும் எனக்கு ஒரு போன் போடு."